துக்கம் கேட்க வந்தவர்கள்

2014 மார்ச் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கேன்சஸ் சிட்டியில் நியூசிலாந்துப் பாடகி லார்டின் கச்சேரி. அரங்கத்துக்கு வெளியே தெருவின் ஒரு பக்கத்தில் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் வழக்கம்போலக் கண்ணைப் பறிக்கும் வண்ண அட்டைகளோடு நிற்கிறார்கள். கடவுள் இன்னின்னாரை வெறுக்கிறார் என்று அச்சடித்த அட்டைகள். எதிர்ப்பக்கத்தில் சில இளைஞர்கள் நீளமான பதாகை ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். அதில் வசவு இல்லை, நையாண்டிப் படம் இல்லை. ‘உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்’ என்ற ஒரே வரி.

நம் பக்கத்துச் சாவு வீடுகளில் இதற்கென்று தனி வாசகம் கிடையாது. கையைத் தொட்டுவிட்டு, போட்டிருக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டால் துக்கம் கேட்டதாகிவிடும். தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்துக்குக் கை நீட்ட வழியில்லை. அதனால்தான் துணியில் எழுத வேண்டியிருந்தது.

சபையை நிறுவிய ஃபிரெட் ஃபெல்ப்ஸ் இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. வயது 84. அவர் சாவுக்கு வருத்தம் தெரிவிக்க இப்படி ஒரு கூட்டம் வரும் என்று அமெரிக்காவில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் அடுத்தவர் வீட்டுச் சாவுதான் அந்த மனிதரின் மேடை.

அவருடைய பழைய கதையைக் கேட்டால் தலை சுற்றும். 1960-களிலும் 70-களிலும் கேன்சஸ் மாநிலத் தலைநகர் டொபீகாவில் கறுப்பின மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர். உரிமை அமைப்புகளின் உள்ளூர்க் கிளைகள் விருது கொடுத்தே பாராட்டியிருக்கின்றன. நீதிமன்ற நடவடிக்கைகளைக் குறித்துக்கொள்ளும் பெண் ஊழியர் ஒருவர் மீது வழக்குப் போட்டு, சாட்சிக் கூண்டில் ஏற்றி வறுத்தெடுத்த விவகாரத்தில் 1979-இல் கேன்சஸ் உச்ச நீதிமன்றம் அவரது உரிமத்தைப் பறித்தது. பிள்ளைகள் 13 பேர். சபை என்று பெயரே தவிர, உள்ளே பெரும்பாலும் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள்தான்.

தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு எதிராக டொபீகாவின் கேஜ் பூங்காவில் 1991-இல் அட்டை பிடிக்கத் தொடங்கினார்கள். நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது 1998 அக்டோபரில். வயோமிங் பல்கலைக்கழக மாணவர் மேத்யூ ஷெப்பர்டை, 21 வயசுப் பையனை, இரண்டு பேர் அடித்து நொறுக்கி வேலியில் கட்டிவிட்டுப் போனார்கள். ஆறாவது நாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. கேஸ்பர் நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்த நாளில் இறுதிச் சடங்கு. வாசலில் ஃபெல்ப்ஸ் குடும்பம், அந்தப் பையன் நரகத்தில் வேகிறான் என்ற அட்டையோடு. அடுத்த ஆண்டு கொலை வழக்கு விசாரணைக்கும் வந்தார்கள். இந்தமுறை ஷெப்பர்டின் நண்பர்கள் வெள்ளைத் துணியால் ஆளுயரத்துக்கும் மேலான தேவதைச் சிறகுகள் செய்து மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவர்கள் முன்னால் வரிசையாக நின்றார்கள். சிறகு விரிந்ததும் அட்டை மறைந்தது. அவ்வளவுதான் உத்தி.

மகனின் அஸ்தியை எங்கே வைத்தாலும் யாராவது வந்து அசிங்கப்படுத்திவிடுவார்களோ என்று ஷெப்பர்டின் பெற்றோர் பயந்துகொண்டே இருந்தார்கள். 2018-இல்தான், இருபது வருஷம் கழித்து, வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைத்தார்கள்.

அப்புறம் ராணுவ வீரர்களின் சாவுகள். தன்பாலின ஈர்ப்பைச் சகித்துக்கொண்ட நாட்டுக்குக் கடவுள் கொடுக்கும் தண்டனை என்பது அவர்கள் கணக்கு. 2006 மார்ச்சில் இராக்கில் இறந்த மேத்யூ ஸ்னைடருக்கு மேரிலாந்தில் அடக்கம். சுமார் 1,000 அடி தள்ளி ஏழு பேர் அட்டையோடு நின்றார்கள். காரில் போன அப்பாவின் கண்ணில் அட்டைகளின் மேல் விளிம்பு மட்டும்தான் பட்டது. அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில்தான் என்ன எழுதியிருந்தது என்று படித்தார்: வீரர்கள் செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி. வழக்குப் போட்டார். நடுவர் குழு ஒரு கோடியே ஒன்பது லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது போனதோடு, எதிர்த்தரப்பின் செலவுக்கு 16,510 டாலர் அவரே கட்ட வேண்டும் என்றும் ஆனது. 2011 மார்ச் 2-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஃபெல்ப்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. பொது இடத்தில், பொது விஷயம் குறித்துப் பேசினால் எவ்வளவு புண்படுத்தினாலும் அது பேச்சுரிமைதான் என்றது.

இப்படிப்பட்டவர் செத்தால் என்ன செய்வது?

‘செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசாதே’ என்பார்கள். பேசாமல் இருப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை, நம்மவர்கள் அதற்கு மேலும் போவார்கள். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் எந்த ரவுடியும் பண்பாளராகிவிடுவார். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்பது ஈடு செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களுக்கும் பொருந்தும் வாசகம். அதே ஊர்தான் வருஷா வருஷம் விடிவதற்கு முன்பே எழுந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெடி வெடித்து நரகாசுரனின் சாவைக் கொண்டாடுகிறது. ஆக, சாவுக்குச் சந்தோஷப்படுவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் தெரியும். 2013 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் இறந்தபோது, 1939-இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் சூனியக்காரி செத்ததைக் கொண்டாடும் பாட்டை ஜனங்கள் விலைக்கு வாங்கி விற்பனைப் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு ஏற்றினார்கள். பிபிசி வானொலி முழுப் பாட்டைப் போடத் தயங்கி, சில விநாடி மட்டும் ஒலிபரப்பியது. கோல்ட்தார்ப் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில், லண்டனில் அவருக்கு இறுதி ஊர்வலம் நடந்த அதே நாளில், பொய்ச் சவப்பெட்டியில் உருவ பொம்மை வைத்து ஊர்வலம் விட்டுக் கொளுத்தினார்கள். நம் கொடும்பாவியேதான். அந்த ஊரைக் குறை சொல்லச் சுலபமாக வாய் வராது. 1984-85 வேலைநிறுத்தத்தையும் அதன் பிறகு மூடிய சுரங்கங்களையும் பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் கோபத்துக்கு எதிரில் இருந்தது ஓர் அரசாங்கம்.

ஃபெல்ப்ஸிடம் அரசாங்கம் இல்லை. ஒரு நகராட்சி உறுப்பினர் பதவிகூட இல்லை. அட்டையைப் பார்த்தவர் கொதிக்க வேண்டும், கேமரா வர வேண்டும். அந்தக் கொதிப்புதான் அவருடைய முதலீடு. அவர் சாவில் ஆடிப் பாடியிருந்தால் கடை இன்னும் கொஞ்ச நாள் நடந்திருக்கும். ‘ஸ்டார் டிரெக்’ நடிகர் ஜார்ஜ் டகேய், தாமே தன்பாலின ஈர்ப்பாளர், இந்தச் சாவில் தமக்கு மகிழ்ச்சி இல்லை என்றும், கல்லறையில் ஆடப்போவதோ இறுதிச் சடங்கில் அட்டை பிடிக்கப்போவதோ இல்லை என்றும் எழுதினார். பிடிக்க நினைத்தாலும் முடிந்திருக்காது. இறந்தவர்களை வணங்குவது எங்கள் வழக்கமில்லை என்று சொல்லி, சபை அவருக்கு இறுதிச் சடங்கே வைக்கவில்லை. ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் தவறாமல் போனவருக்குத் தன் சாவுக்கு வாசல் இல்லாமல் போனது.

அந்தக் கேன்சஸ் சிட்டிப் பதாகையில் கொஞ்சம் குத்தல் இருந்தது என்றும் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் அந்த வரி போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு ஒன்று இருந்தது. 13 பிள்ளைகளில் நான்கு பேர் முன்பே வெளியேறியவர்கள். மகன் நேதன் பதினெட்டு வயது நிறைந்த நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியவர். அப்பாவின் அடிகளைப் பற்றிப் பொதுமேடைகளில் பேசிவருபவர். அப்பா சாகக் கிடக்கிறார் என்பதை உலகத்துக்குச் சொன்னது அவர்தான். வெளியேறியவர்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்க விடவில்லை என்று வருந்தியதும் அவர்தான். அப்பா இருந்த இருப்புக்காக அழவில்லை, எப்படி இருந்திருக்கக்கூடும் என்பதற்காக அழுகிறேன் என்று பின்னர் சொன்னார். பேத்தி மேகன், சபையின் ட்விட்டர் குரலாக இருந்தவர், 2012-இல் தங்கையோடு வெளியே வந்துவிட்டார். ‘ஆடு பகை, குட்டி உறவு’ என்று நம்மூரில் சொல்வதைக் கேலியாகத்தான் சொல்வோம். இங்கே குட்டிகள் நிஜமாகவே ஆட்டிடமிருந்து தப்பி வந்திருந்தன.

இன்னொரு சேதியும் உண்டு. சபைக் கட்டடத்துக்கு எதிர்வீட்டை ஒரு தொண்டு நிறுவனம் வாங்கி, 2013 மார்ச்சில் சுவர் முழுக்கத் தன்பாலின ஈர்ப்பாளர்களின் அடையாளமான வானவில் நிறம் அடித்தது. சபைக்காரர்கள் வெளியே வந்தாலே கண்ணில் படுவது அந்த வீடுதான். ஒருநாள் தாத்தா வாசலுக்கு வந்து, அந்த வானவில் வீட்டுக்காரர்களைப் பார்த்து நீங்கள் நல்லவர்கள் என்று சொன்னதாகவும், அதற்காகவே அவரைச் சபையை விட்டு விலக்கியதாகவும் பின்னாளில் வெளியேறிய பேரன் ஒருவர் சொன்னார். உறுப்பினர் விவகாரம் எங்கள் சொந்த விஷயம் என்பதோடு சபை முடித்துக்கொண்டது. முதுமையில் புத்தி தடுமாறியதோ, தெளிந்ததோ. எதிர்வீடு அதே வானவில் நிறத்தோடு தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.