விரலின் பிழையா, கட்டையின் பிழையா?

நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய மகள் பரீட்சைக்காகப் பியானோ பயின்றுகொண்டிருந்தாள். மெல்லென வாசிக்க வேண்டிய இடங்களில் இரண்டொரு சுரங்கள் ஒலிக்காமலே போயின. “எத்தனை முறை சொல்லியும் உன் விரல் திருந்தவில்லையே!” என்று தாயார் கடிந்துகொண்டார். சிறுமியின் கண்கள் கலங்கின. நான் வாத்தியத்தின் மேல்மூடியைத் திறந்து பார்த்தேன். குற்றம் விரலில் இல்லை. உள்ளேயுள்ள பொறியில் இருந்தது.

பியானோவைப் பேணுதல் என்றால் சுருதி சேர்ப்பது ஒன்றே என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். சுருதி கம்பிகளைப் பொறுத்தது. அக்கம்பிகளை ஒலிக்கச் செய்யும் பொறியோ வேறு. அதற்கும் பராமரிப்பு வேண்டும்.

இப்பொறியின் தந்தை இத்தாலி நாட்டுப் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர். புளோரன்ஸ் நகரில் மெடிச்சி இளவரசரின் வாத்தியங்களைப் பேணிவந்த அவர், 1700ஆம் ஆண்டளவில் முதற் பியானோவைச் செய்தார். அக்காலத்து ஹாப்சிக்கோட் வாத்தியத்தில் இறகின் முனை கம்பியைச் சுண்டும். ஆதலால் விரலின் அழுத்தத்திற்கேற்ப ஒலி கூடிக் குறைவதில்லை. கிறிஸ்தோபோரி சுத்தியலால் அடிக்கும் முறையை வகுத்தார். அவர் 1720இல் செய்த பியானோ ஒன்று நியூயோர்க் மெற்றோப்பொலிற்றன் கலைக்கூடத்தில் இன்றும் இருக்கிறது.

சுத்தியல் கம்பியில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒலி மடிந்துவிடும் அல்லவா? இங்கேதான் அவருடைய மதிநுட்பம் விளங்குகிறது. கட்டையை அழுத்தியதும் அதன் பின்புறம் உயர்ந்து, ஓர் உந்துகோலைத் தள்ளுகிறது. உந்துகோல் சுத்தியலைக் கம்பியை நோக்கிச் செலுத்துகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே உந்துகோல் விலகிக்கொள்ள, எஞ்சிய தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்தாலேயே கடந்து, அடித்து மீள்கிறது. இக்காலப் பியானோக்களில் அத்தூரம் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீற்றர் வரையாகும். ஒவ்வொரு கட்டைக்கும் இதனைச் சீர்செய்யத் தனித் திருகாணி உண்டு. கட்டைகள் 88 ஆதலின், திருகாணிகளும் 88.

நண்பர் இல்லத்துப் பியானோவில் சில சுத்தியல்கள் ஏழெட்டு மில்லிமீற்றர் தூரத்திலேயே விடுபட்டன. பலமாக அழுத்தினால் ஒலி எழும்; மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பியை எட்டாமலே திரும்பிவிடும். பாவம், சிறுமி என் செய்வாள்?

இன்னொரு குறையும் பொதுவாகக் காணப்படுவது. பொறியினுள்ளே உள்ள கம்பளித் துண்டுகள் நாளடைவில் அமுங்கிவிடுகின்றன. கட்டைக்கும் பொறிக்கும் இடையே வெளி தோன்ற, அழுத்தத்தின் முதற் பகுதி வீணாகிறது. கட்டையின் பின்புறத்துள்ள திருகாணியைச் சிறிது உயர்த்தினால் இது தீரும். ஆயினும் ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறும். ஆகவே முதலில் கட்டைகளின் மட்டம், பின்னர் இந்த இடைவெளி, அடுத்து ஏறத்தாழ 10 மில்லிமீற்றராகிய அழுத்தத்தின் ஆழம், அதன்பின் சுத்தியல் விடுபடும் தூரம் என ஒழுங்காகச் செய்தல் வேண்டும். இது கைதேர்ந்தவரின் பணி. வீட்டிற் சோதித்துப் பார்க்கும் காரியமன்று.

வீட்டார் செய்யத்தக்கவையும் உள. நமது ஈரக் காற்றில் மரமும் கம்பளியும் பருத்துக் கட்டைகள் இறுகும். எனவே ஈரச் சுவரோரத்திலும் வெயில் படும் சன்னலருகிலும் பியானோவை வைக்கலாகாது. மேலே பூச்சாடி வைப்பதும் தவறு. கட்டை ஒன்று எழாவிடின், இடையிலே நாணயமோ பென்சிலோ விழுந்திருக்கிறதா என்று முதலிற் பாருங்கள். எக்காரணம் கொண்டும் எண்ணெய் விடாதீர்கள். மரமும் கம்பளியும் அதனை உறிஞ்சி, தூசியைச் சேர்த்து, முன்னிலும் மோசமாக இறுகிவிடும். பூட்டி வைத்த பியானோவில் பூச்சிகள் கம்பளியைத் தின்னும். நாள்தோறும் திறந்து வாசித்தால் அவை தங்கியிருக்க இடம் பெறா. குறையும் உடனே தெரியவரும்.

சில நாள்களின் பின் தொழில் அறிந்த ஒருவர் வந்து அந்தப் பியானோவைச் சீர்செய்தார். சிறுமி அதே பகுதியை மெல்லென வாசித்தாள். ஒரு சுரமும் தவறவில்லை. தாயார் ஒன்றும் பேசாமல் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிள்ளையின் விரலைக் குறைகூறுமுன் பெட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பது பெற்றோர் கடனாகும்.