ஒப்பந்தம் யாருக்குப் புனிதம்?



போட்ட ஒப்பந்தத்தைத் திருத்து என்று சர்க்கார் ஒரு கம்பெனியை நெருக்கினால் போதும். ஒப்பந்தம் புனிதமாயிற்றே, முதலீடு ஓடிவிடுமே என்று முதலாளிகளின் ஏடுகள் ஓலமிடும். சர்க்காரோ மக்கள் நலனுக்காகவே நெருக்குகிறோம் என்று மார்தட்டும். இரண்டையும் நம்பாதீர்கள்.

தாபோல் கதையைப் பாருங்கள். ரத்தினகிரி மாவட்டத்தில் மின்நிலையம் கட்ட வந்தது அமெரிக்க என்ரான். 1993 டிசம்பரில் மராட்டிய மின்வாரியம் கையெழுத்துப் போட்டது. போட்டி டெண்டர் கிடையாது. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாரியம் பணம் கட்ட வேண்டும். டாலர் ஏறினால் கட்டணமும் ஏறும்.

இதை அரபிக் கடலில் எறிவோம் என்று முழங்கியவர்கள் 1995-ல் ஆட்சிக்கு வந்தார்கள். ஆகஸ்டில் ரத்து செய்தார்கள். சில மாதங்களிலேயே அதே கம்பெனியோடு மறுபேச்சு! விலையைக் குறைத்துவிட்டோம் என்றார்கள். ஆனால் முதலில் 695 மெகாவாட்டுக்கு மட்டும் இருந்த கட்டாயம், 1996-ல் 2,184 மெகாவாட்டுக்கு ஆனது. மேடையில் மிரட்டல், மேசையில் சலுகை! 2001-ல் வாரியம் பணம் கட்ட முடியாமல் கைவிரித்தது; நிலையம் நின்றது. டிசம்பரில் என்ரானும் திவாலாயிற்று. 2005-ல் அதைத் தூக்கி நிறுத்த வந்தவர் யார்? என்.டி.பி.சி.யும் கெயிலும். அதாவது பொதுத்துறை, அதாவது நம் பணம்.

இப்போது தொழிலாளியின் ஒப்பந்தத்துக்கு வருவோம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1974-ல் மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்களோடு போனஸ் ஒப்பந்தம் செய்தது. 1976-ல், நெருக்கடி நிலையின்போது, சர்க்கார் ஒரு சட்டம் போட்டு அதை அழித்தது. புனிதம் பேசுவோர் அன்று எங்கே போனார்கள்? ஊழியர்கள் வழக்காடித்தான், 1978-ல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது.

அப்படியானால் கம்பெனி ஒப்பந்தத்தைத் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடட்டும். ஆனால் பூட்டிய அறைக்குள் வேண்டாம். காகிதத்தைச் சட்டமன்றத்தில் வை; கணக்கை மக்களுக்குக் காட்டு; சட்டப்படி திருத்து. மறைவில் நடக்கும் மறுபேச்சு மறுபடியும் நம் தலையில்தான் விடியும்.

ஊர் விட்டு வந்த நமக்கு இதில் என்ன? மேஸ்திரி ஊரில் ஒரு கூலி சொல்லிக் கூட்டி வருகிறான். வேலை முடிந்ததும் வேறு கூலி கொடுக்கிறான். அதுவும் ஒப்பந்த மீறல்தான். அதைக் கேட்க எந்த ஏடும் வராது. ஆகவே கூலியை எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் சங்கத்தில் காட்டுங்கள். நம் ஒப்பந்தத்துக்கு நாம்தான் காவல்!