அன்புவின் பாக்கி

ஷங்கரின் ‘இந்தியன்’ 1996இல் வந்தது. ‘இந்தியன் 2’ வர 2024 ஜூலை ஆயிற்று. இடையில் ஊழலும் வளர்ந்தது, படச்செலவும் வளர்ந்தது. ஊழலுக்கு எதிராகக் கிளம்பும் நாயகன் சேனாபதி தாத்தா மட்டும் அதே வர்மக் கலையோடு திரும்பி வந்தார். போதாக்குறைக்குக் கடைசியில் மூன்றாம் பாகத்துக்கு முன்னோட்டம் வேறு. அப்படியானால் காசு கொடுத்துப் பார்த்தது என்ன, இடைவேளையா?

இரண்டாம் பாகம் என்றாலே குற்றம் என்றில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படத்தை மணிரத்னம் 2022 செப்டம்பரில் திரையில் தொடங்கி 2023 ஏப்ரலில் முடித்துக் காட்டினார்.

நெட்டுக்குப்பத்து ரசிகனின் வழக்கு வேறு. எண்ணூர் முகத்துவாரத்தையொட்டிய மீனவ ஊர் அது. 2018 அக்டோபரில் வந்த வெற்றிமாறனின் ‘வடசென்னை’யில் சாலைத் திட்டத்துக்காகக் குப்பத்தைக் காலிசெய்யச் சொல்கிறார்கள், அந்தக் குப்பத்து ராஜன் எதிர்த்து நிற்கிறான். அனல்மின் நிலையமும் துறைமுகமும் நெருக்குகிற, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து படிந்த கரையில், அதைக் கற்பனை என்று யார் சொல்வார்கள்? கேரம் ஆட்டக்காரன் அன்பு இனிமேல்தான் எழப்போகிறான் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் படம் முடிந்தது.

அதன்பின் வெற்றிமாறனின் ‘விடுதலை’யே இரண்டு பாகமாக வந்து போய்விட்டது. 2025இல், ‘வடசென்னை’யின் உலகத்திலேயே நடக்கும் ‘அரசன்’ சிலம்பரசனை வைத்து அறிவிக்கப்பட்டது. வரட்டும், பார்ப்போம். ஆனால் பாக்கி அன்புவின் பெயரில்தான் நிற்கிறது. வசூலுக்காக இழுக்கப்படும் பாகங்களுக்கு நடுவே, கதையே கேட்கிற தொடர்ச்சி ‘வடசென்னை’யின் இரண்டாம் பாகம். வெற்றிமாறன் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.