அவசரத்துக்குத் தோற்ற சிமென்ட்

இன்று எங்கும் புழங்கும் போர்ட்லேண்ட் சிமென்ட் வந்ததும் பழைய இயற்கை சிமென்ட் ஒழிந்துபோனது, தரமில்லாத சரக்கு போனதில் வருந்த என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பலர். கட்டுமானத் துறையில் இதற்கு எதிர்ப்பேச்சே எழுவதில்லை. நான் இதை முழுக்க மறுக்கிறேன்.

இயற்கை சிமென்ட் என்பது களிமண் இயல்பாகவே கலந்திருக்கும் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்து, வேறெதுவும் சேர்க்காமல் சூளையில் சுட்டு அரைத்த தூள். நம்மூர்ச் சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றுப் பட்டு மெல்ல இறுகும்; இதுவோ தண்ணீருக்கு அடியிலும் இறுகும். 1796-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பார்க்கர் காப்புரிமை பெற்ற ‘ரோமன் சிமென்ட்’ இந்த வகைதான். அமெரிக்காவில் இதற்குப் பேர்போன ஊர் நியூயார்க் மாநிலத்து ரோசன்டேல். 1825-ல் டெலவேர்–ஹட்சன் கால்வாய் வேலையின்போது அங்கே இந்தக் கல் கண்டறியப்பட்டது.

தரமில்லை என்பவர்களுக்கு முதலில் புரூக்ளின் பாலத்தைக் காட்ட வேண்டும். 1883-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் கற்கோபுரங்களில் ரோசன்டேல் சிமென்ட் இருக்கிறது. இன்றும் அதன்மேல் வண்டிகள் ஓடுகின்றன. 1842-ல் நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த குரோட்டன் நீர்வழியிலும் இதுவே.

பிறகு ஏன் தோற்றது? போர்ட்லேண்ட் சில நாட்களிலேயே பலம் பிடிக்கும். இயற்கை சிமென்ட் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பலம் ஏறும். பலகை அடைப்பைச் சீக்கிரம் கழற்றி அடுத்த தளம் போட நினைக்கும் ஒப்பந்தக்காரருக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. சுழல் சூளைகள் வந்து போர்ட்லேண்டின் விலையும் இறங்கியது. 1899-ல் அமெரிக்கா ஏறத்தாழ 1 கோடி பீப்பாய் இயற்கை சிமென்ட் தயாரித்தது. அடுத்த பத்தாண்டில் அது சரிந்தது. வேகத்திலும் விலையிலும் நேர்ந்த தோல்வியைத் தரத்தின் தோல்வி என்று எழுதிவைப்பது பொய்க்கணக்கு.

சூளைக்குச் சூளை தரம் மாறும் என்ற குறை ஓரளவு உண்மை. கல் மாறினால் சிமென்ட்டும் மாறும். சூடு கூடினால் கல் உருகிக் கெட்டிப்பட்டுவிடும், அதைப் பொறுக்கி எறிய வேண்டும். ஆனால் ரோசன்டேல் சுரங்கத் தொழிலாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டவில்லை. ரோசன்டேல் மலையில் சிமென்ட்டுக்கு ஏற்ற படுகை மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் உதவாத சுண்ணாம்புக்கல். இரண்டையும் குடைந்தெடுத்துவிட்டுக் கூரையைத் தாங்கப் பெரிய தூண்களை விட்டுவைத்தார்கள். அங்குள்ள விடோ ஜேன் சுரங்கத்தில் அந்தத் தூண்களை இன்றும் பார்க்கலாம்.

எனக்கு அதிகக் கோபம் வருவது அடுத்த வாதத்தில்தான்: ‘பழைய கட்டடத்துக்கும் போர்ட்லேண்டே போடலாம், அது இன்னும் பலமானதுதானே?’ பழைய செங்கல் சுவரில் கலவை செங்கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். சுவர் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அந்த அசைவைக் கலவை வாங்கிக்கொள்ளும். உள்ளே இறங்கிய ஈரமும் இணைப்புகளின் வழியே வெளியேறும். அங்கே கடினமான போர்ட்லேண்டைத் திணித்தால் ஈரம் செங்கல்லின் வழியேதான் வந்தாக வேண்டும். உப்பு பூக்கும், முகப்பு ஏடு ஏடாக உதிரும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் செங்கற்கள் உள்ளே குழிந்திருக்கும். பூசிய கலவை மட்டும் காலித் தேன்கூடு மாதிரி வெளியே துருத்தி நிற்கும். போர்ட்லேண்ட் கெட்ட பொருள் இல்லை. அந்தச் சுவருக்கு அது தவறான மருந்து.

அதற்காக இயற்கை சிமென்ட்டைச் சூழலுக்கு உகந்தது என்று கொண்டாடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. போர்ட்லேண்டுக்குச் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். இதற்கு அதைவிடக் குறைவு போதும். ஆனாலும் சுடும்போது கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறத்தான் செய்யும்.

‘இனி யார் தயாரிக்கப் போகிறார்கள், அருங்காட்சியகத்தில் ஒரு மூட்டை வைத்தால் போதாதா?’ என்பது கடைசிக் கேள்வி. பிரான்சில் கிரெனோபிள் பகுதியில் விக்கா நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இதைத் தயாரித்து வருகிறது. வியன்னா, கிராக்கோவ் நகரங்களின் அலங்கார முகப்புகள் ரோமன் சிமென்ட்டில் வார்த்தவை. அவற்றைப் பழுதுபார்க்க ஐரோப்பிய ஆய்வாளர்கள் அந்தச் சிமென்ட்டை மறுபடி சுட்டுப் பார்த்துக் கற்றார்கள். ரோசன்டேலில் 1970-ல் நின்றுபோன உற்பத்தி 2004-ல் மீண்டும் தொடங்கியது. அமெரிக்காவில் கைவிடப்பட்டிருந்த தர அளவுகோலும் 2006-ல் புதுப்பிக்கப்பட்டது.

மூட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் எந்தக் கல்லை எவ்வளவு நேரம் சுடுவது, எந்தப் பதத்தில் குழைப்பது, குழைத்ததை எத்தனை நிமிடத்துக்குள் பூசுவது என்பதெல்லாம் யாருக்கும் வராது. வேலை நடந்தால்தான் கை பழகும். ஆகவே 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தைப் பழுதுபார்க்க ஒப்பந்தம் விடும் அதிகாரிகள், கரண்டி தொடும் முன்பே பழைய கலவையில் ஒரு துண்டைப் பெயர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். அதில் இயற்கை சிமென்ட் இருப்பது தெரிந்தால், அதையே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.