எதிர்த்து நிற்கும் உரிமை

குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிய பெண்களின் மகள்கள் இன்று வீட்டோடு இல்லை. ஆரணி வட்டாரத்திலிருந்து செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியும் முன்பே கிளம்புகிறார்கள். வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் படிக்கப் போகிறார்கள். களம்பூரில் இருக்கும் ஆரணி சாலை நிலையத்தில் ரயிலுக்கு நிற்கிறார்கள். தேவிகாபுரத்துக்கோ ஒண்ணுபுரத்துக்கோ இரவுப் பேருந்தில் திரும்புகிறவள் இறங்கிய பிறகும் நடந்தாக வேண்டும். இந்தப் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி தருவது ஊரின் கடமை. நகராட்சி முன்னின்று, காவல் துறை துணை நின்று, கட்டணமில்லாமல் அதைத் தர வேண்டும்.

2025 பிப்ரவரியில் நம் பக்கத்து வேலூர் மாவட்டத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கோவை–திருப்பதி இன்டர்சிட்டி ரயிலின் மகளிர் பெட்டியில் தனியாக இருந்த கர்ப்பிணிப் பெண்ணிடம் ஒருவன் அத்துமீற முயன்றான். அவர் எதிர்த்துப் போராடினார். கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து அவரைத் தள்ளிவிட்டான். அவர் பிழைத்தார், வயிற்றிலிருந்த சிசு பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. அந்தப் பெண்ணிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை. பெட்டியில் ஒரு காவலர் இல்லாததுதான் குறை. ஆகவே, பயிற்சி கொடுத்துவிட்டோம், இனி உன் பாடு என்று அரசு கையை உதறிவிட நாம் சொல்லவில்லை. தெருவிளக்கும் ரோந்தும் ரயில் பாதுகாப்பும் அரசின் வேலை, எப்போதும். ஆனால் காவலர் வந்து சேரும்வரை அந்தச் சில நிமிடங்களைக் கடக்க வேண்டியவள் அவள்தானே?

பயிற்சியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் கனடாவில் பதில் இருக்கிறது. மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவியர் ஏறத்தாழ 900 பேரிடம் நடத்திய ஆய்வு 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. 12 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களில் அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானோர் 5.2 சதவீதம், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம். அங்கே கற்றுக்கொடுத்தது அடியும் உதையும் மட்டுமல்ல. ஆபத்தை முன்கூட்டியே உணர்வது, தெரிந்தவன் என்பதற்காகத் தயங்காமல் இருப்பது, உரக்கக் கத்துவது, அதற்கும் மேல் போனால் அடிப்பது. நம் வீடுகளில் பெண் குழந்தைக்கு இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லி வளர்க்கிறோம்: சத்தம் போடாதே, நாலு பேர் பார்ப்பார்கள். அந்த நாலு பேர் பார்க்கும்படி கத்துவதுதான் பல சமயம் உயிரைக் காக்கும்.

இன்னொரு பயம் வழக்கு. திருப்பி அடித்தால் நம் மேலேயே கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. வன்புணர்வு, கடத்தல், அமில வீச்சு போன்ற தாக்குதலின்போது எதிராளியின் உயிர் போக நேர்ந்தாலும் 38ஆவது பிரிவு காக்கும். முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆவது பிரிவாக இருந்தது. 2012இல் மதுரையில் மகளைக் காக்கக் கணவனை அடித்துக் கொன்ற தாயும், 2021 ஜனவரியில் சோழவரம் அருகே தன்னைச் சிதைக்க வந்தவனைக் கொன்ற 19 வயதுப் பெண்ணும் அந்தப் பிரிவின்படியே விடுவிக்கப்பட்டார்கள். இரண்டிலும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள் சட்டத்தை அறிந்து முடிவெடுத்தார்கள். அந்தத் தெளிவு புகார் எழுதும் மேசை வரைக்கும் வர வேண்டும். எல்லையையும் சொல்லித்தர வேண்டும்: தேவைக்கு மேல் தாக்கக்கூடாது, தப்பி ஓடியவனைத் துரத்திப் போய்ப் பழிவாங்குவது தற்காப்பு ஆகாது.

அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியருக்கு சமக்ர சிக்ஷா திட்டத்தில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. நல்லதுதான், ஆனால் போதாது. பள்ளியை விட்ட பெண்ணுக்கு, பாவு பிணைக்கும் பெண்ணுக்கு, ஷிப்டுக்குப் போகும் பெண்ணுக்கு எதுவுமில்லை. சிலம்பம் நம் மண்ணின் கலை. அரசு வேலையின் விளையாட்டு இடஒதுக்கீட்டில்கூட அதற்கு இடம் உண்டு. அதைக் கற்பிக்கும் ஆசான்களை மாலை வகுப்புக்கு அழைத்தால் என்ன?

எந்தச் சிலம்பமும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. கூலியும் முன்பணமும் தருகிறவனே கை வைத்தால் கடன்பட்ட வீட்டுப் பெண் என்ன செய்வாள்? அவன் முகத்தில் அறைந்தால் மறுநாள் தறி நின்றுபோகும். இதற்காகவே 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கென மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு அமைக்கச் சொல்கிறது. வீட்டையும் பணியிடமாக அது ஏற்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் அந்தக் குழுவின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஆரணியின் ஒவ்வொரு நெசவாளர் கூட்டுறவுச் சங்க வாசலிலும் தமிழில் எழுதிவைக்கச் செய்ய வேண்டும், 181, 112 எண்களோடு சேர்த்து. பயிற்சிக்கான தீர்மானத்தை நகராட்சி அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவரட்டும்; மாலையில் காலியாகக் கிடக்கும் பள்ளி மைதானங்களை அதற்குத் திறந்துவிடட்டும்.