புழு ரெடி... நாம?

பாப்பாரப்பட்டியில் நின்று "குப்பையைப் புழுவை விட்டு உரமாக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். "உவ்வே!" என்பார்கள். பட்டுப்புழு வளர்த்துக் கூடு விற்கும் தர்மபுரி மாவட்டத்துக்குப் புழு என்றால் அருவருப்பாம்!

கருப்புச் சிப்பாய் ஈ நம்ம வீட்டு ஈ இல்லை மக்களே. வளர்ந்த ஈ சாப்பாடு தேடி வீட்டுக்குள் வராது. அதன் புழுதான் சமையல் கழிவு, பாலக்கோடு பக்கம் விலை விழுந்தால் கொட்டுகிறார்களே, அந்தத் தக்காளி என எல்லாவற்றையும் சுமார் 2 வாரத்தில் தின்று தீர்க்கும். மிஞ்சுவது எரு. புழுவோ கோழிக்கும் மீனுக்கும் தீவனம். அதே கழிவு குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது.

அதற்காகப் புழு மந்திரவாதி அல்ல. பாலித்தீன் பையைத் தின்று தீர்க்காது. குப்பையில் காட்மியம் கலந்திருந்தால் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அந்தப் புழுவைக் கோழிக்குப் போட முடியுமா?

வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்லி 2016-லேயே விதி வந்தாச்சு. பிரிக்காமல் கொட்டிவிட்டு, திட்டம் சரியில்லை, ஊராட்சி சரியில்லை என்பது என்ன நியாயம்?

புழு ரெடி. இரண்டு வாளி வைக்க நாம ரெடியா?