மார்கழிப் பௌர்ணமியில் ஒரு முழு கிரகணம்



நம் ஊரில் நன்றாகப் பார்க்கும்படி அடுத்த சந்திர கிரகணம் எப்போது என்று கேட்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும்.

2026 மார்ச் 3 அன்று தமிழகத்தில் நிலா கிரகணத்தோடுதான் உதித்தது. முழு மறைவு பகலிலேயே முடிந்துவிட்டதால் நமக்குக் கடைசி அரை மணி நேரம்தான் மிச்சம். ஆகஸ்ட் 28 கிரகணம் நிகழும்போது இங்கே காலை வேளை. டொராண்டோ வாசகர்கள் 27ஆம் தேதி இரவு பத்தரை மணியிலிருந்தும், லண்டன் வாசகர்கள் 28ஆம் தேதி விடியற்காலையிலும் அதைப் பார்க்கலாம். நிலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறையும். 2027இல் வருபவை எல்லாம் புறநிழல் கிரகணங்கள். அவற்றில் நிலா லேசாக மங்குவதோடு சரி.

2028 ஜூலை 6 இரவு 10.40 மணி முதல் 1 மணி வரை நிகழும் பகுதி கிரகணம் தமிழகத்திலும் இலங்கையிலும் முழுதாகத் தெரியும். அதைவிடப் பெரியது அந்த ஆண்டின் கடைசி இரவில் வருகிறது. டிசம்பர் 31, மார்கழிப் பௌர்ணமி. இரவு 8.37க்கு நிலாவின் ஓரம் கருக்கத் தொடங்கும். 9.46 முதல் 10.58 வரை முழு நிலாவும் செம்பு நிறத்தில் இருக்கும். பூமியின் காற்று மண்டலம் சூரிய ஒளியின் சிவப்பை மட்டும் வளைத்து நிழலுக்குள் அனுப்புவதால் வரும் நிறம் அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் புத்தாண்டு பிறந்த கால் மணி நேரத்தில் இந்தச் செந்நிலா தெரியும்!

கிரகணக் கணக்கு நமக்குப் புதிதல்ல. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் தாம் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே 1825 மே 31 இரவு கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் நான்கு நிமிடம்தான் பிசகு. முடியும் நேரம் 52 நிமிடம் தவறியது உண்மைதான். ஆனாலும் தாளும் அச்சிட்ட அட்டவணையும் இல்லாமல் ஒரு மனிதர் செய்த கணக்கு அது. எனக்கு இது பெரிய சாதனையாகவே படுகிறது.

வானத்தை அவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளை, கிரகணம் என்றதும் கதவைச் சாத்தி உள்ளே உட்கார வைக்கிறோமே என்று எனக்கு வருத்தம். சாப்பிடுவதும் குளிப்பதும் அவரவர் வீட்டு வழக்கம். ஆனால் சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. கண்ணாடி வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம். பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். நிலாவில் விழும் நிழலின் விளிம்பு வளைந்திருப்பதைக் காட்டுங்கள். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் சொன்ன சான்றுகளில் அதுவும் ஒன்று.

2028 டிசம்பர் 31 அன்று மேகம் மறைத்துவிட்டால் சோர வேண்டாம். 2029 டிசம்பர் 21 அதிகாலை 3.45க்கு இன்னொரு முழு கிரகணம் இருக்கிறது. மார்கழி பஜனைக்கு எழுபவர்கள் கொஞ்சம் முன்னதாக எழுந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்